பம்பரத்தின் பஸ்ஸில் ஏறிய மாமியார்

டிப்போவில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. பொருத்தம் மட்டும் எல்லாருக்கும் தெரியும். நின்றால் உட்காரத் தோன்றும், உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். மற்ற டிரைவர்கள் பெஞ்சில் சாய்ந்துகொண்டு ஒரு டீயை ஆற அமரச் சீராட்டிக்கொண்டிருக்கும்போது, இவள் சுடச்சுடத் தொண்டையில் ஊற்றிக்கொண்டு டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விடுவாள். அவள் அடங்கி உட்காரும் இடம் ஒன்றே ஒன்றுதான், ஸ்டியரிங்குக்குப் பின்னால். அதுதான் பஸ் ஓடுகிறதே, நாம் வேறு எதற்கு ஓட வேண்டும் என்று உடம்பே சமாதானமாகிவிடும்போல.

கணவர் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பாதி கடலில். அவரைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. "நடுக்கடல்ல இறங்கி எங்க போயிடப் போறார்?" என்பாள். கவலை எல்லாம் கூடவே இருந்த அப்பாவைப் பற்றித்தான்.

அப்பா குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்தவர். தெருத் தெருவாக நடந்து போய் வால்வு திறப்பதும் மூடுவதும் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கால் ஓயவில்லை. காலையில் செருப்பை மாட்டினால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. போன வருஷம் ஒருநாள் சந்தையில் தலைசுற்றி விழுந்தார். காய்கறி மூட்டைகளுக்கு நடுவே கிடந்தவரை யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பேர் சொல்ல வாயில்லை, சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை. மறுநாள் நினைவு வந்து அவர் சொன்ன பிறகுதான் வீட்டுக்குத் தகவல் வந்தது. அந்த ஒரு ராத்திரி பம்பரம் எத்தனை தெரு சுற்றினாள் என்று கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுவாள்.

அதற்குப் பிறகுதான் தம்பி அந்தக் கைக்கடிகாரத்தை வாங்கி வந்தான். தம்பிக்கு அரசாங்கக் கணினிப் பிரிவில் வேலை. எதையும் ஒரு திரையில் காட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்று நம்புகிறவன்.

"அப்பா எங்க இருக்காருன்னு நம்ம ரெண்டு பேர் போன்லயும் பச்சைப் புள்ளியா தெரியும் அக்கா. விழுந்தா அதுவே கூப்பிடும்."

அப்பா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. கழட்டறது எப்படி?"

"கழட்ட வேண்டியதில்லப்பா. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது. வாரத்துக்கு ஒருவாட்டி நானே வந்து சார்ஜ் போட்டுத் தரேன்."

வாரில் ஒரு பூட்டுக் கொக்கி இருந்தது. ஒரு சின்ன ஊசியைச் செருகினால்தான் திறக்கும். ஊசி தம்பியின் சாவிக்கொத்தில் தொங்கியது. சின்னப் பிள்ளைகளும் வயசானவர்களும் தெரியாமல் கழற்றி வைத்துவிடக்கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்களாம்.

"தெரியாம கழட்டறவன் யாருடா? தெரிஞ்சேதான் கழட்டுவோம்" என்றார் அப்பா. தம்பி சிரித்தான். பம்பரமும் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்பதை அன்றைக்கு இருவருமே கவனிக்கவில்லை.

அதே மாதம்தான் பஸ்ஸுக்கு மாமியார் வந்தது.

மேலிடத்து உத்தரவு. எல்லா பஸ்ஸிலும் டிரைவர் முகத்துக்கு நேரே ஒரு கேமரா. கண் மூடினாலோ, பார்வை ரோட்டை விட்டு விலகினாலோ, உள்ளிருந்து ஒரு பெண்குரல் கண்டிப்பாகப் பேசும்: "கவனம். முன்னால் பாருங்கள்." கொட்டாவி விட்டால், "தூக்கம் தெரிகிறது. ஓய்வு எடுங்கள்." ஒவ்வொரு தடவையும் அலுவலகத்தில் பதிவாகும். பொருத்திய அன்றே டிப்போவில் அதற்கு மாமியார் என்று பெயர் விழுந்துவிட்டது.

டீ பெஞ்சில் ஆளுக்கொரு நியாயம். "போன மழைக்கு ஒருத்தன் தூங்கிப் போயி செருப்புக் கடைக்குள்ள பஸ்ஸை விட்டானே, மறந்துட்டீங்களா? அரசாங்கம் செய்யத்தான் செய்யும்" என்றார் தலை நரைத்த ஒரு டிரைவர்.

"அவன் ஏன் தூங்கினான்? ரெண்டு ஷிப்ட் சேர்த்து ஓட்ட விட்டாங்க. ஆள் போட வக்கில்ல, கேமரா போட மட்டும் வக்கிருக்கா?" என்றாள் பம்பரம்.

"நான் ஒரு தப்பும் பண்ணலை. பாத்தா பாத்துட்டுப் போகட்டும்" என்றான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவன்.

"குளிக்கிறது கூடத்தான் தப்பில்ல. கதவைச் சாத்திட்டுத்தானே குளிக்கிறே?"

பெஞ்சு குலுங்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். அங்கேதான் அவளுடைய வில்லங்கமே இருந்தது. பம்பரம் சிரித்தால் கண் இருக்கும் இடம் தெரியாது. கன்னம் மேலே ஏறி, இமை இரண்டும் ஒட்டிக்கொண்டு, இரண்டு கோடுதான் மிஞ்சும். பள்ளிக்கூடத்துப் புகைப்படம் முதல் கல்யாணப் புகைப்படம் வரை எதிலும் அவளுக்குக் கண் கிடையாது.

அவளோடு போகிற கண்டக்டருக்கு வானொலி என்று பெயர். முதல் நிறுத்தத்தில் வாயைத் திறந்தால் கடைசி நிறுத்தத்தில்தான் மூடுவான். பயணிகளைச் சீண்டுவான், தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வான். இவள் முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே ஓட்டுவாள். மாமியார் வந்த முதல் நாளே, அவன் ஏதோ சொல்ல, இவள் சிரிக்க, "தூக்கம் தெரிகிறது. ஓய்வு எடுங்கள்" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டது. முன் இருக்கைக்காரர் ஒருவர் பயந்துபோய் எழுந்து, "அம்மா, தூங்காதீங்கம்மா, குழந்தை குட்டிக்காரன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதைப் பார்த்து இன்னும் சிரிப்பு வந்தது. மாமியார் இன்னும் கத்தியது.

கருவியைப் பார்க்க வந்த டெக்னீஷியனிடம் சொன்னாள். சின்ன வயசுப் பெண், தோளில் பெரிய பை. அவள் தலையை ஆட்டிக் கேட்டாள்.

"சிரிக்கிற முகத்தை வச்சும் சோதிச்சுப் பாக்கணும்னு நாங்க சொன்னோம் அக்கா. அவசரமா வேணும்னு மேல இருந்து நெருக்கிட்டாங்க."

"அப்ப நான் என்ன பண்ணட்டும்?"

அந்தப் பெண் சங்கடத்தோடு சொன்னாள்: "கொஞ்ச நாள் சிரிக்காம ஓட்டிப் பாருங்களேன்."

அப்படித்தான் ஆயிற்று. வானொலியிடம் அவளே போய், "யோவ், இனிமே எங்கிட்ட எதுவும் பேசாதே" என்றாள். அவன் முகம் சுருங்கியது. அன்றிலிருந்து அந்த பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் சத்தமும் மணிச் சத்தமும்தான். சிரிப்பு நின்றதும் உள்ளே அடங்கிக் கிடந்த பரபரப்பு ஸ்டியரிங்குக்கும் வந்து சேர்ந்தது. விரல் தாளம் போட்டது. சிக்னலில் நிற்கும் நேரம் பொறுக்கவில்லை. அப்போதுதான் கை போனுக்குப் போக ஆரம்பித்தது.

பச்சைப் புள்ளி. அப்பா நூலகத்துப் பக்கம் இருக்கிறார். அடுத்த சிக்னலில் பார்த்தால் பாலத்துக்கு அடியில். பாலத்துக்கு அடியில் இவருக்கு என்ன வேலை? வெயிலில் நடக்கிறாரே, தொப்பி வைத்தாரா? சிக்னல் விழும்; வண்டியை எடுப்பாள்; மனசு மட்டும் பாலத்துக்கு அடியிலேயே நிற்கும். போனை மடியில் வைத்து, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இறக்கிப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். வண்டி நிற்கும்போது மாமியார் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் விசாரணை. "பாலத்துக்கு அடியில என்னப்பா பண்ணிட்டிருந்தீங்க?"

"நிழலா இருந்துச்சு, நின்னேன்."

"அவ்வளவு நேரமா?"

"அவ்வளவு நேரமும் நிழலா இருந்துச்சு."

ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: "வேலை பாத்த காலத்துல, எந்தத் தெருவுல எந்த வால்வு திறந்தேன்னு மேலதிகாரிக்குச் சொல்லணும். சரி, சம்பளம் கொடுத்தான், சொன்னேன். நீ எதுக்குக் கேக்கிறே?"

"விழுந்து கிடந்தீங்களே, அதுக்குக் கேக்கிறேன்."

அவர் தட்டை மறுபடி இழுத்துக்கொண்டு சாப்பிட்டார். ஜெயித்தது இவள்தான். ஆனாலும் ஜெயித்த மாதிரி இல்லை. பாத்திரம் கழுவும்போது ஒரு டம்ளரை உடைத்தாள்.

டிப்போவில் கேமராவுக்கு எதிராகக் கூட்டம் போட்டார்கள். உரக்கப் பேசியவள் அவள்தான். "நாம என்ன மாடா, கழுத்துல மணி கட்டி விட?" என்றாள். நல்ல கைதட்டல். கூட்டம் கலைந்ததும் வானொலி மெல்லப் பக்கத்தில் வந்து, "அக்கா, உங்கப்பா புள்ளி இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டான். அவன் சாதாரணமாகத்தான் கேட்டிருக்க வேண்டும். அவளுக்குச் சுருக்கென்றது. "ரெண்டும் ஒண்ணாயா? அவர் வயசானவர். எனக்கு என்ன கேடு?" என்று பாய்ந்தாள். போகிற வழியெல்லாம் அதையே திருப்பித் திருப்பித் தனக்குள் சொல்லிக்கொண்டு போனாள். ரெண்டும் ஒன்றில்லை. ரெண்டும் ஒன்றே இல்லை.

பிறகு ஒருநாள் காலையில் அவள் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டாள். கடைசி நிறுத்தத்தில் பஸ் நிற்கும்போது அப்பாவே டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். வெயில் ஏறவில்லை, முகம் தெளிவாக இருந்தது. "கொஞ்ச நேரம் உன் பஸ்ஸில உக்காந்துட்டுப் போறேன்" என்று பின்பக்கம் போனார். டீ குடித்துவிட்டு அவள் வந்தபோது இறங்கிப் போய்விட்டிருந்தார். வழக்கம்போல் சொல்லாமல்.

மத்தியானத்துக்கு மேல், கூட்டம் நிறைந்த நேரம். காலையில் நேரில் பார்த்த தெம்பில் அதுவரை போனைத் தொடாதவள், ஒரு சிக்னலில் மடியைப் பார்த்தாள். பச்சைப் புள்ளி இவள் நிற்கிற அதே சந்திப்பில் இருந்தது. சரி, இந்தப் பக்கம் ஏதோ வேலையாக வந்திருக்கிறார். நடைபாதையைத் துழாவினாள், காணவில்லை. அடுத்த சிக்னலில் பார்த்தால், அங்கேயும் கூடவே வந்துவிட்டது. அதற்கடுத்ததிலும்.

அப்பா பஸ்ஸுக்குள்தான் இருக்கிறார். எப்போது ஏறினார்? கூட்டத்தில் நின்றுகொண்டு வருகிறாரா? தலைசுற்றினால்? கண்ணாடியில் பார்த்தாள், தலை தலையாகத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள்.

"கவனம். முன்னால் பாருங்கள்."

"வானொலி! எங்கப்பா இருக்காரா பாருய்யா!"

"எங்கக்கா?"

"பஸ்ஸிலதான்யா!" மறுபடி திரும்பினாள்.

"கவனம். முன்னால் பாருங்கள்."

பஸ்ஸை ஓரம் கட்டினாள். இன்ஜினை அணைத்துவிட்டு எழுந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு பின்னால் போனாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அப்பா இல்லை. போனைப் பார்த்தாள், புள்ளி அவள் காலடியில்தான் இருக்கிறது என்று அது சத்தியம் செய்தது. கடைசி இருக்கைக்கு அடியில் குனிந்து கையை விட்டாள். ஒட்டுநாடா விரலில் பட்டது. பிய்த்து எடுத்தாள். கடிகாரம். பூட்டுக் கொக்கி பூட்டியபடியே இருந்தது. வாரில் காய்ந்துபோன சோப்பு.

பஸ்ஸுக்குள் சலசலப்பு. "என்னம்மா, குண்டா?" என்றார் ஒருவர். அந்த வார்த்தையில் பாதி பேர் இறங்கிவிட்டார்கள். குண்டில்லை, அப்பாவின் கடிகாரம் என்று வானொலி விளக்கி முடிப்பதற்குள் மீதிப் பேர் கட்சி பிரிந்துவிட்டார்கள்.

"வயசான மனுஷனுக்குச் சங்கிலி போட்டா அறுக்கத்தான் செய்வாரு" என்றாள் கூடை வைத்திருந்த ஒரு பெண்மணி.

"நீங்க சொல்வீங்க. எங்க மாமனார் காணாமப் போய் இன்னிக்கு வரைக்கும் வரலை. இந்த மாதிரி ஒண்ணு அப்ப இருந்திருந்தா..." என்ற இன்னொரு பயணி முடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எல்லாம் சரிம்மா, பஸ்ஸை எடுங்க. ஆபீஸ்ல நான் போய் இறங்கற நேரத்தையும் ஒரு மிஷின்தான் பாத்துட்டிருக்கு" என்று கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவன் கத்தினான்.

பம்பரம் ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தாள். கையை வைத்தாள். கை நடுங்கியது. அழுத்திப் பிடித்தால் தோள் வரை நடுங்கியது. கண்ணுக்கு முன்னால் ரோடு தெரியவில்லை. காய்கறி மூட்டைக்கு நடுவே கிடக்கும் ஒரு ஆள் தெரிந்தார். இந்தக் கையை வைத்துக்கொண்டு இத்தனை பேரை ஏற்றிக்கொண்டு ஓட்ட முடியாது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த நேரத்தில் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"வானொலி, எல்லாரையும் அடுத்த பஸ்ஸில ஏத்தி விட்டுடு. டிப்போவுக்குச் சொல்லிடு."

"அக்கா, சீட்டைக் கிழிச்சுடுவாங்க அக்கா."

"கிழிக்கட்டும்."

இறங்கி ஓடினாள்.

அப்பாவிடம் போனும் கிடையாது. சந்தையில் தேடினாள். நூலகத்தில் தேடினாள். பாலத்துக்கு அடியில் நிழல் மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு வாசலில் நின்று, கொண்டுவரப்பட்ட ஒவ்வொரு முதியவர் முகத்தையும் எட்டிப் பார்த்தாள். தம்பிக்குப் போன் செய்தால், "புள்ளி உன் கூடவேதானே இருக்கு அக்கா? பத்திரமாத்தான் இருக்காரு" என்றான். கடிகாரம் அவள் கைப்பையில் இருந்தது. "மண்ணாங்கட்டி பத்திரம்!" என்று கத்திவிட்டுத் துண்டித்தாள். குடிநீர் வாரியத்தின் பழைய நீரேற்று நிலையம் வரைக்கும் போனாள். காவலாளி, "உங்கப்பாவா? அவர் இந்தப் பக்கம் வந்து வருஷக்கணக்காச்சே" என்றார்.

வேறு எங்கே தேடுவது? அப்பாவுக்குப் பிடித்த இடம் எது, சிநேகிதர் யார் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அவர் நின்ற இடமெல்லாம் தினமும் தெரிந்திருந்தது, ஏன் நின்றார் என்பது ஒருநாளும் தெரிந்ததில்லை.

பொழுது சாய வீட்டுக்கு வந்தாள். கதவு திறந்திருந்தது. சமையலறையில் அப்பா டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன, இன்னிக்குச் சீக்கிரம் வந்துட்டே? உனக்கும் சேத்துப் போடவா?"

அவள் கடிகாரத்தை மேடைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அடுப்பைக் குறைத்தார்.

"உனக்காக வைக்கலை. உன் தம்பிதான் ஆபீஸ்ல உக்காந்து பாப்பான். அப்பா அக்கா பஸ்ஸில ஜம்முனு சுத்திட்டிருக்காருன்னு நிம்மதியா இருக்கட்டுமேன்னு வச்சேன். ஓட்டும்போது நீ பாப்பேன்னு நான் கண்டேனா?"

அவளுக்கு அங்கேதான் அழுகை வந்தது. நின்ற இடத்திலேயே அழுதாள். வார்த்தை எல்லாம் தாறுமாறாக வந்தது: பஸ்ஸை விட்டு வந்தது, ஆஸ்பத்திரி வாசல், நடுங்கின கை. அவர் டீயை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எங்கதான் போனீங்க?"

"சொல்ல மாட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "தப்பான இடத்துக்குப் போகலை. ஆனா சொல்ல மாட்டேன். ஒண்ணாவது எனக்குன்னு இருக்கட்டும்."

விசாரணைக்கு மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். கருவியைப் பற்றி விளக்க அந்த டெக்னீஷியன் பெண்ணும் வந்திருந்தாள். ஒரு கேமராவைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் பொருத்தியிருந்தாள். அது பம்பரத்தின் நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சாட்சிக்கு வானொலி.

மேலாளர் கெட்ட மனிதர் இல்லை, சோர்ந்த மனிதர். திரையைத் திருப்பிக் காட்டினார். "பஸ்ஸை நடு வழியில விட்டது ஒண்ணு. சிக்னல்ல போன் பாத்தது ஒண்ணு. அதை விடப் பெருசு இது. முதல் வாரத்துல மட்டும் இத்தனை தடவை தூங்கியிருக்கீங்க."

திரையில் அவள் முகம் வரிசையாக வந்தது. கண் இல்லாத முகம். கருவி சத்தத்தைப் பதிவு செய்யாது. அதனால் பார்ப்பதற்கு அசல் தூக்கம்போலத்தான் இருந்தது.

"சார், அது சிரிப்பு."

"இவ்வளவு சிரிப்பா? அப்படி என்னம்மா சிரிப்பு?"

"நான்தான் சார் சிரிக்க வைப்பேன்" என்றான் வானொலி.

"எங்க, ஒண்ணு சொல்லு பாப்போம்."

வானொலி தொண்டையைக் கனைத்துக்கொண்டான். பஸ் நிறைய ஆளை வைத்துக்கொண்டு சரளமாகப் பேசுகிறவன், மேலாளர் மேசைக்கு முன்னால் பரீட்சைக்கு வந்த பையன்போல நின்றான். "ஒருத்தர் கேட்டாரு சார், அடுத்த பஸ் எப்ப வரும்னு. நான் சொன்னேன், இது போனாத்தான் வரும்னு."

யாரும் அசையவில்லை. வானொலி கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தான்.

மேலாளர் மெதுவாகக் கேட்டார்: "இதுக்கா சிரிச்சீங்க?"

அந்தக் கேள்வியும், அதை அவர் கேட்ட விதமும், வானொலியின் முகம் போன போக்கும் சேர்ந்து அவளுக்குள் எதையோ அவிழ்த்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துப் பார்த்தாள். மாதக்கணக்கில் பூட்டி வைத்தது பீறிட்டுக்கொண்டு வந்தது. நாற்காலி குலுங்க, கண் மறைய, விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தூக்கம் தெரிகிறது. ஓய்வு எடுங்கள்" என்றது மேசைமேல் இருந்த கேமரா.

டெக்னீஷியன் பெண் முதலில் சிரித்தாள். பிறகு மேலாளரின் மூக்கு விடைத்தது. அவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அதற்காக எல்லாம் சுபமாகிவிடவில்லை. தூக்கக் குற்றத்தைப் பதிவிலிருந்து அடித்துவிட்டார்கள். போன் பார்த்தாயா என்று கேட்டபோது, "பாத்தேன் சார். அதுல மிஷின் சொன்னது உண்மை" என்று ஒப்புக்கொண்டாள். பஸ்ஸை விட்டுப் போனதற்குச் சமாதானம் சொல்லவில்லை. கை நடுங்கியது என்று மட்டும் சொன்னாள். சில மாதங்களுக்கு ரோட்டில் ஓட்டக் கூடாது, டிப்போவுக்குள் வண்டி கழுவுமிடத்துக்கும் நிறுத்துமிடத்துக்கும் பஸ்ஸை நகர்த்தும் வேலை என்று உத்தரவு ஆயிற்று. பம்பரத்துக்கு அதைவிடப் பெரிய தண்டனை யாரும் யோசித்துக் கொடுத்திருக்க முடியாது. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். நாள் முழுக்க அதே சுவர்.

கருவியை எடுக்கவில்லை. ஆனால் பயணிகள் காதில் விழும்படி பேசக் கூடாது, டிரைவருக்கு மட்டும் ஒரு சின்ன விளக்கு எரிந்தால் போதும், ஆளை வைத்துச் சரிபார்க்காமல் குற்றம் எழுதக் கூடாது என்று சில விஷயங்களைத் தொழிற்சங்கம் வாங்கிக்கொண்டது. அந்த டெக்னீஷியன் பெண் ஒருநாள் வந்து, பம்பரத்தை உட்கார வைத்து, விதவிதமாகச் சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்துக்கொண்டு போனாள். "கேட்டா சிரிப்பு வருமாம்மா?" என்றாள் பம்பரம். வரவில்லை. வானொலியைக் கூப்பிட வேண்டியிருந்தது.

வீட்டில் பேச்சுவார்த்தை இதைவிடக் கடினமாக இருந்தது. தம்பி வேறு ஒரு கருவியோடு வந்தான். வாசல் கதவில் ஒட்டி வைத்தால் போதும். யார் எப்போது போனார், வந்தார் என்று சொல்லிவிடும். உடம்பில் எதுவும் கட்ட வேண்டாம்.

"வேணாம்டா" என்றாள் பம்பரம்.

"நீயா சொல்றே? அன்னிக்கு ஊர் முழுக்க ஓடினவ நீதானே?"

"ஓடினேன். அதனாலதான் சொல்றேன். புள்ளியைப் பாத்துப் பாத்து, மனுஷனைப் பாக்கறதையே விட்டுட்டேன்டா. சட்டைப் பையில அட்டையில பேரும் போன் நம்பரும் எழுதி வச்சுக்கறேன்னு ஒத்துக்கிட்டாரு. மாத்திரை ஒழுங்கா போடறேன்னாரு. அவ்வளவுதான் அவர் கொடுப்பாரு."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆனா ஆகட்டும்" என்றாள். சொல்லிவிட்டு உட்கார முடியாமல் எழுந்து நின்றாள். தம்பி அந்தக் கருவியைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டான். அவனுக்கு அது பிடிக்கவில்லை என்பதும், அவன் பயமும் பொய்யில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

இப்போது மறுபடியும் ரோட்டில் ஓட்டுகிறாள். போனைப் பைக்குள் போட்டு, பையை வானொலியிடம் கொடுத்துவிடுகிறாள். சிக்னலில் விரல் இன்னும் தாளம் போடுகிறது. அது நிற்கும் என்று தோன்றவில்லை. அப்பா போகிறார், வருகிறார். சில நாள் சட்டையில் மண் ஒட்டியிருக்கிறது. சில நாள் எதற்கோ சந்தோஷமாக இருக்கிறார். ஒருநாள் காது ஓரம் பென்சிலைச் செருகியபடியே வந்துவிட்டார், கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

லீவு நாட்களில்தான் ரொம்பக் கஷ்டம். வீட்டில் கால் தரிக்காது. துடைத்த மேசையையே திரும்பத் துடைப்பாள். வெயில் இறங்கியதும் பால்கனிக்குப் போய், துணி காய்கிற கயிற்றுக்குப் பின்னால் நின்றுகொண்டு தெருமுனையைப் பார்த்தபடியே இருப்பாள். அப்பாவின் சாய்ந்த நடை முனையில் திரும்புவது தெரிந்ததும், விறுவிறுவென்று உள்ளே ஓடி, கத்தியை எடுத்துக்கொண்டு வெங்காயத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து எட்டிப் பார்ப்பார்.

"பால்கனியில நின்னியா?"

"இல்லையே. எனக்கு இங்க வேலை தலைக்கு மேல கிடக்கு."

"ம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போவார்.